வடபுலத்து அன்னமும் நம் ஏரிகளும்

அன்னம் என்னும் பெயரைக் கேட்டவுடன், பாலையும் நீரையும் பிரித்துண்ணும் பறவை, நளனுக்குத் தூது சென்ற பறவை, மகளிர் நடைக்கு உவமையாகும் பறவை என்ற நினைவுகள் நம் உள்ளத்தில் எழுகின்றன. கோயிற் சிற்பங்களிலும் குத்துவிளக்கின் உச்சியிலும் அதன் உருவத்தைக் கண்டு பழகிய நாம், அஃது உயிருடன் நம் நாட்டிற்கு வருவதுண்டா என்று ஆராய்வதில்லை. வருவதுண்டு என்பதும், அதனையும் அதனோடு வரும் ஏனைய நீர்ப்பறவைகளையும் காண விழைவோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் சில உண்டு என்பதும், அந்நெறி தவறின் நாம் காணச் சென்ற பொருளே நம்மை விட்டு நீங்கிவிடும் என்பதும் இவ்வியாசத்தில் கூறப்புகுந்தவையாம்.

முதற்கண் அன்னம் என்பது யாது என்று தெளிதல் நன்று. மேனாட்டார் ஸ்வான் என வழங்கும் நீண்ட கழுத்தையுடைய வெள்ளைப் பறவை, குளிர் மிக்க வடதேசங்களுக்கு உரியது. அது நம் தேசத்தின் வடமேற்கு மூலையில் மிக அரிதாகக் காணப்பட்டதேயன்றித் தென்னாட்டிற்கு வருவதில்லை. ஆதலின் நம் முன்னோர் கண்டு பாராட்டிய அன்னம் அதுவாக இருத்தல் அரிது. வடமொழியில் ஹம்சம் என்று கூறப்படுவது பெரும்பாலும் கூஸ் எனப்படும் பெருவாத்தினமே என்பது அறிஞர் பலரின் துணிபு. ஹாலந்து தேசத்து அறிஞராகிய வோகல் என்பார் இந்திய இலக்கியத்திலும் சிற்பத்திலும் இப்பறவை பெற்றுள்ள இடத்தைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்; அது 1962-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அப்பெருவாத்தினத்துள் இன்றும் ஆண்டுதோறும் தமிழ்நாட்டிற்கு வருவது வரித்தலை வாத்து. சாம்பல் கலந்த வெளிய உடலும், வெண்மையான தலையும், அத்தலையின் பிற்புறத்தே இரண்டு கரிய வரிகளும், மஞ்சள் நிறமான அலகும் கால்களும் உடையது அது. அதன் நிறை இரண்டு முதல் மூன்று கிலோகிராம் வரை இருக்கும்.

இப்பறவை வடக்கிற்கும் தெற்கிற்கும் சென்று மீள்வதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்குப் புறநானூறு சான்று பகர்கின்றது. பாண்டி நாட்டுப் புலவராகிய பிசிராந்தையார், தாம் நேரிற் கண்டிராத நண்பனாகிய கோப்பெருஞ்சோழனை நினைந்து பாடிய 67-ஆம் பாட்டில், குமரித் துறையில் இரை தேர்ந்து வடமலைக்குப் பெயரும் அன்னச் சேவலை விளித்து, இடையேயுள்ள சோழ நாட்டில் உறையூரில் தங்கிச் செல்லுமாறு வேண்டுகின்றார். தெற்கே குமரி, வடக்கே பெருமலை, இடையே தங்குதற்குரிய சோழநாடு என்னும் அப்பாட்டின் வழி, இன்று ஆராய்ச்சியாளர் வரையும் படத்தோடு பெரிதும் ஒத்திருத்தல் வியப்பைத் தருகின்றது. புலவர் அதனை ஒரு வழிப்போக்கராகக் கருதி, இன்ன ஊரில் இளைப்பாறுக என்கிறார். இவ்விளைப்பாறும் இடத்தைக் கெடாமற் காப்பதே நம் தலைமுறையின்மேல் விழுந்துள்ள கடமை.

அவ்வழிப்போக்கின் அருமையைச் சிறிது நோக்குவோம். வரித்தலை வாத்து திபேத், மங்கோலியா, லடாக் முதலிய உயர்ந்த நிலப்பரப்புகளில் உள்ள ஏரிக்கரைகளில் கோடைக்காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. அவ்வேரிகள் உறைபனியால் மூடப்படுமுன் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, இமயமலையைக் கடந்து நம் தேசத்து நீர்நிலைகளை அடைகின்றது. முதுகிற் சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, ஒரு பறவை கடல்மட்டத்திற்கு மேல் 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தமை பதிவாயிற்று. அவ்வுயரத்தில் காற்றிலுள்ள பிராணவாயு கடற்கரையிலிருப்பதிற் பாதியினும் குறைவு. பயிற்சியில்லாத மனிதன் அங்கே நடப்பதற்கும் திணறுவான். இப்பறவையோ சிறகை இடையறாது அடித்துக்கொண்டு செல்கின்றது. அதன் இரத்தத்திலுள்ள செந்நிறப் பொருள் பிராணவாயுவை விரைந்து பற்றிக்கொள்ளும் இயல்புடையதாயிருத்தலும், குளிர்ந்து செறிந்த காற்றுள்ள இரவிலும் வைகறையிலும் மலையேறும் அதன் வழக்கமும் இதற்குத் துணையாகின்றன.

இத்துணை நெடும்பயணத்தைப் பறவைகள் தனித்தனியே செய்வதில்லை. தாயும் தந்தையும் அவ்வாண்டிற் பிறந்த இளம்பறவைகளும் ஒரு குடும்பமாகவே வருகின்றன. எங்கே நீர் உண்டு, எங்கே புல் உண்டு, எங்கே பகை உண்டு என்பவற்றை இளையவை மூத்தவற்றிடம் கற்கின்றன. ஆகவே ஓர் ஏரியில் முதிய பறவை ஒன்று கொல்லப்பட்டால், ஓர் உயிர் போவதோடு ஒரு குடும்பம் தன் வழிகாட்டியையும் இழக்கின்றது. அவ்வாறே, அமைதியாய்ப் பசியாறிய ஏரியை இளம்பறவை நினைவிற்கொண்டு மறு ஆண்டும் அங்கு வருதல் கூடும். மங்கோலியாவிற் கழுத்துப் பட்டை அணிவிக்கப்பட்ட வாத்துக்கள் மைசூரை அடுத்த ஹதினாரு ஏரியிற் காணப்பட்டமை, ஒரு தேசத்தின் குஞ்சு மற்றொரு தேசத்தின் ஏரியை நம்பி வாழ்வதை நன்கு விளக்கும்.

தமிழ்நாட்டில் இவ்வன்னத்தைக் காணத்தக்க இடங்கள் சிலவே. திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரியை அடுத்த கூந்தன்குளம் அவற்றுட் பெயர் பெற்றது. 1994-ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நெய்வேலியில் வாழ்வார்க்கு அணித்தாயுள்ளது, நம் கடலூர் மாவட்டத்திற்கு அண்டையதாகிய அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரி நீரைப் பெறும் அவ்வேரி ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புடையது. உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் அது சேர்க்கப்பட்ட செய்தி 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் வெளியாயிற்று. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பிய பின்னர், குளிர்காலத்தில் அங்கே வரித்தலை வாத்தும், ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி முதலிய வலசை வாத்துக்களும் வந்து தங்குகின்றன.

நெய்வேலியைச் சூழ்ந்துள்ள நீர்நிலைகளுக்கும் இச்செய்திக்கும் உள்ள தொடர்பு சிந்திக்கத்தக்கது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்திற் கிணறு தோண்டுவித்தபோது நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிப்பட்டமையே இவ்வூரின் வரலாற்றிற்குத் தொடக்கம் என்பது இந்நகரியத்துச் சிறுவரும் அறிந்தது. 1956-ஆம் ஆண்டில் நிறுவனம் தோன்றியது. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரதமர் நேரு அவர்கள் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ஆம் ஆண்டிற் கரி வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரியின் கீழே பெருத்த அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கின்றது. அதனை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பெயர்ந்து வெள்ளம் புகும். ஆதலின் இரவும் பகலும் நீர் இறைக்கப்படுகின்றது. சுரங்கத்தினின்று வெளியேறும் நீரில் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரியை அடைந்து, பின்னர்ப் பெருமாள் ஏரிக்குச் செல்கின்றது. உழவர் வயலுக்கு உதவும் அந்நீரே வலசைப் பறவைகளுக்கும் உதவுகின்றது. நம் விளக்குகளை எரிக்கும் கரியை எடுப்பதற்காக இறைத்த நீரில் வடபுலத்துப் பறவை நீந்துகின்றது என்றால், அந்நீரின் அளவும் தூய்மையும் நமக்குப் புறம்பான விஷயங்களாகா.

இனி, பறவைக்கு நாம் விளைக்கும் இடையூறு எத்தன்மையது என்பதை ஆராய்வோம். வேட்டையாடுவோனே தீங்கு செய்பவன், வெறும் பார்வையாளன் செய்யும் தீங்கு யாது என்று பலர் எண்ணுகின்றனர். வரித்தலை வாத்து பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் வயல்களிலும் புற்றரைகளிலும் மேய்ந்து, பகலில் ஏரியின் நடுவிலோ சேற்றுத்திட்டிலோ ஓய்வெடுக்கும் இயல்புடையது. நாமோ பகலிற் செல்கின்றோம். கரையில் அசைவற்று நிற்கும் கூட்டத்தைக் கண்டு, அது சும்மா இருக்கின்றதென்று கருதி, பறக்கச் செய்து பார்க்க விரும்புகின்றோம். அது சும்மா இருக்கவில்லை. இரவில் உண்டதைக் கொழுப்பாக மாற்றிச் சேமித்துக் கொண்டிருக்கின்றது. அக்கொழுப்பே இளவேனிலில் மீண்டும் இமயத்தைக் கடப்பதற்குரிய கட்டமுது. நாம் கைதட்டி எழுப்பும் ஒவ்வொரு முறையும் அக்கட்டமுதில் ஒரு பிடி குறைகின்றது. ஒருவர் ஒருமுறை எழுப்பினால் பறவை அதனை ஈடுசெய்துகொள்ளும். விடுமுறை நாளிற் பத்துக் கூட்டத்தார் வந்து பத்து முறை எழுப்பினால், இரவில் உண்டது பகலிலேயே தீர்ந்துபோம். அத்தகைய பறவை வழியிலேயே மடியலாம். உயிரோடு சென்றாலும் முட்டையிடும் வலிமையற்றிருக்கலாம். நம் கண்ணெதிரே ஒன்றும் நேராமையால் நாம் குற்றமற்றவரென்று மகிழ்ந்து வீடு திரும்புகின்றோம்.

ஆதலின் முதல் நெறி தொலைவு. எத்தனை அடி தொலைவு என்று எல்லா இடத்திற்கும் ஒரே அளவு கூறல் இயலாது. படகும் மாடும் மனிதரும் பழகிய ஏரியில் பறவை அஞ்சாது. தனித்த ஏரியில் மிக அஞ்சும். அளவைப் பறவையிடமே கேட்டறிதல் வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தினால் நம்மைக் கண்டுகொண்டது என்று பொருள். பல பறவைகள் ஒரே திசையில் தலையுயர்த்தி நின்றால் ஐயுறுகின்றன. மெல்ல நடந்தோ நீந்தியோ விலகத் தொடங்கினால், குரல் எழுப்பினால், நாம் வரம்பு கடந்துவிட்டோம். அப்பொழுது நின்றாலும் போதாது, பின்வாங்குதல் வேண்டும். பறவை மீண்டும் தலை தாழ்த்தி மேயத் தொடங்கும் இடமே நமக்குரிய இடம். இதனைப் பழகியவன், பறவை எழுந்து பறப்பதைத் தன் வெற்றியாகக் கருதான்.

அடுத்தது மறைவும் அமைதியும். வைகறையிலோ மாலையிலோ செல்லுதல் நன்று. கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் பறவையின் நிறம் தெளிவாகும். வெண்மை, சிவப்பு முதலிய எடுப்பான நிறங்களை நீக்கி, மண்ணும் இலையும் போன்ற நிறமுள்ள ஆடையை உடுத்தல் வேண்டும். பேச்சைக் குறைத்து, கைப்பேசியின் ஓசையை அடக்கி, நாயை வீட்டிலேயே விட்டுச் செல்லுதல் வேண்டும். ஏரிக்கரையின் உச்சியில் வானத்தைப் பின்புலமாகக்கொண்டு நடப்பவன் நெடுந்தொலைவிலிருந்தே பறவைக்குப் புலப்படுவான். கரையின் புறச்சரிவில் ஒரு மரத்தை அடுத்து அமர்பவன் அத்துணை புலப்படான். வண்டியிற் சென்றால் இறங்காமல் உள்ளிருந்தே பார்த்தல் பல சமயங்களில் மேலானது. வண்டிக்கு அஞ்சாத பறவை, கதவைத் திறந்து வெளிவரும் மனித உருவத்தைக் கண்டால் அஞ்சும். பைனாகுலர் என்னும் தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்று கையிலிருந்தால், காலால் நெருங்க வேண்டிய தொலைவைக் கண்ணாலேயே நெருங்கலாம். நம் கலாசாலை போன்ற இடங்களில் நான்கைந்து மாணவர் சேர்ந்து ஒன்றை வாங்கி மாறிமாறிப் பயன்படுத்துதல் இயல்வதே.

இவ்வாறு மறைந்து காண்பதனால் அறிவு குறையும் என்று ஐயுறுவார்க்கு இங்கிலாந்திலுள்ள ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் இடம் விடையாகின்றது. செவர்ன் ஆற்றின் கழிமுகத்தில், குளிரும் காற்றும் மிக்க சதுப்பு நிலத்தில், ஸர் பீட்டர் ஸ்காட் என்பார் 1946-ஆம் ஆண்டில் நீர்ப்பறவைகளுக்கென ஒரு நிலையத்தை நிறுவினார். ருஷ்யாவின் வடகோடியிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியைக் கடந்து, பீவிக் அன்னம் எனப்படும் மெய்யான ஸ்வான்கள் குளிர்காலத்தில் அங்கே வருகின்றன. அவர் தம் வீட்டுச் சாளரத்தின் உள்ளிருந்தே அவற்றை நோக்கி வந்தார். 1964-ஆம் ஆண்டில், ஒவ்வோர் அன்னத்தின் அலகிலும் கருமையும் மஞ்சளும் அமைந்துள்ள முறை வெவ்வேறாயிருத்தலைக் கண்டு, அவற்றை ஓவியமாக வரைந்து, ஒவ்வொன்றிற்கும் பெயரிட்டுப் பதிவு செய்யலானார். எந்தப் பறவை எந்தத் துணையோடு வந்தது, எத்தனை குஞ்சுகளைக் கொணர்ந்தது, எந்த ஆண்டில் வரவில்லை என்பவை பறவையைத் தொடாமலே அறியப்பட்டன. துப்பாக்கியால் வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்த்த தலைமுறை அறியாத குடும்ப வரலாற்றைச் சாளரத்தின் பின் அமர்ந்த தலைமுறை அறிந்தது.

படமெடுக்கும் ஆவல் இக்காலத்திற் பெருகியுள்ளது. படம் எடுத்தல் தவறன்று. படத்திற்காகப் பறவையை விரட்டுதல் தவறு. கல்லெறிந்து பறக்கச் செய்து படம் பிடித்தலும், ஒலிப்பதிவிற் பறவைக் குரலை இசைத்து அதனை ஏமாற்றி அருகழைத்தலும், இருளில் மின்வெட்டு விளக்கைக் கண்ணிற் பாய்ச்சுதலும் தகாத செயல்கள். டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தை ஏரியின்மேற் செலுத்துதல் இவை யாவற்றினும் கொடிது. நீர்ப்பறவை தன் பகையாகிய கழுகையும் பருந்தையும் மேலிருந்தே எதிர்பார்ப்பது. மேலே ஒரு பொருள் இரைந்து வட்டமிட்டால் ஏரி முழுதும் ஒருங்கே கலைந்து எழும்.

உணவிடுதல் பற்றியும் கூறவேண்டும். வந்த விருந்திற்கு உணவளித்தல் தமிழர் பண்பாதலின், கையில் ரொட்டியும் பொரியும் கொண்டு செல்வார் உளர். அன்பினாற் செய்யினும் அது தீங்காகும். ரொட்டி அதன் இயற்கை உணவன்று. வயிற்றை நிரப்பினும் வேண்டிய சத்தைத் தாராது. உணவிடும் இடத்திற் பறவைகள் நெருங்கிக் கூடுதலால் நோய் எளிதிற் பரவும். ஜப்பானியர் தம் ஏரிகளுக்கு வரும் ஹூப்பர் அன்னங்களுக்குப் பல ஆண்டுகளாக அன்போடு தானியம் வழங்கி வந்தனர். 2008-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடபகுதியில் அன்னங்கள் சில பறவைக் காய்ச்சலால் இறந்து கிடந்தபின், பல இடங்களில் அவ்வழக்கத்தைக் குறைத்தனர். அதற்கு முன் 2005-ஆம் ஆண்டிற் சீன தேசத்துச் சிங்ஹாய் ஏரியில் அந்நோய் ஆறாயிரத்திற்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைக் கொன்றது. மடிந்தவற்றுட் பெருந்தொகையின நம் வரித்தலை வாத்துக்களே. ஆகையால் இறந்த பறவையைக் கண்டால் கையால் தொடாது, வனத்துறையினர்க்கோ கால்நடை மருத்துவர்க்கோ அறிவித்தல் வேண்டும். நாம் பறவைக்கு அளிக்கத்தக்க விருந்து, கெடாத நீரும் கலையாத அமைதியுமே.

கூடு கட்டியுள்ள இடத்தில் இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வரித்தலை வாத்து இங்கே முட்டையிடுவதில்லை. ஆனால் அதே ஏரிகளிலும் அவற்றை அடுத்த மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம் முதலியவை அதே பருவத்திற் குஞ்சு பொரிக்கின்றன. நாம் மரத்தடிக்குச் சென்றவுடன் தாய்ப்பறவை எழுந்து பறக்கும். அந்தச் சிறுபொழுதிற் காகம் முட்டையைக் கவர்ந்து செல்லும். இறகு முளையாத குஞ்சு வெயிலில் வாடி மடியும். அஞ்சிய குஞ்சு கிளையினின்று தவறி விழும். மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே, வழியிற் குருவிக்கூட்டைக் கண்டால் குஞ்சோடு தாயையும் பிடித்தல் ஆகாது என்ற கட்டளை உபாகம நூலில் இடம்பெற்றிருத்தலை நம் மாணவர் அறிவர். பெரிய சட்டங்களுக்கிடையே ஒரு சிறு கூட்டிற்கும் இடம் தந்த அந்நூலின் கருத்து எண்ணத்தக்கது.

நம் மாவட்டத்துப் பிச்சாவரம் கடலை அடுத்த அலையாத்திக் காடு. 2022-ஆம் ஆண்டில் அதுவும் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. நெய்வேலியிலிருந்து உல்லாசப் பயணம் செல்லும் குடும்பங்கள் பல. ஆங்குப் படகிற் செல்வோர், இயந்திரப் படகை விடுத்துத் துடுப்புப் படகைத் தேர்ந்துகொண்டால், பறவைக்கு இடையூறு குறைவதோடு தாமும் மிகுதியாகக் காண்பர். இயந்திரத்தின் இரைச்சல் வருமுன்னரே சேற்றுமேட்டில் இரைதேடும் உள்ளான்கள் எழுந்து போய்விடும். ஓடங்கோலுந் துடுப்பும் கொண்டு பழகிய உள்ளூர்ப் படகோட்டியிடம், விரைவு வேண்டா, பறவையைக் கண்டால் விலகிச் செலுத்துக என்று முன்னரே கூறிவிடுதல் நலம். எந்தப் பறவை எந்தக் கால்வாயில் எந்த வேளையில் இருக்கும் என்பதை அவரே பலரினும் நன்கு அறிவார். அவரை மரியாதையோடு கேட்டால் அவ்வறிவில் ஒரு பங்கு நமக்கும் கிடைக்கும்.

இந்நெறிகள் கற்றோர் புதிதாகக் கண்டவை அல்ல. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் மக்கள், சிப்பாய்கள் தம் ஏரிப் பறவைகளைச் சுட்டமை பற்றி முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிற் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பாரிடம் பாதுகாப்புக் கௌல் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்னரே இது நிகழ்ந்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்திற் பறவைகள் வீட்டுப் புறக்கடை மரங்களிலேயே கூடு கட்ட, எச்சத்தின் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு, அவற்றின் வருகையை ஊருக்கு நன்மை எனப் போற்றுகின்றனர். ஆண்டில் ஒரு நாள் பொழுதுபோக்காகச் செல்லும் நாம் ஒரு மணி நேரம் வாய்மூடி இருத்தலைப் பெருந்தியாகமாகக் கருதுவது தகுமா?

காண்பதோடு அமையாமல் எண்ணிக் குறித்தலும் ஒரு தொண்டு. ஸாலிம் அலி அவர்கள் 1941-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூலை வெளியிட்ட காலத்தில், பறவைகளைக் குறித்துவைப்போர் மிகச் சிலரே. இன்று 1987-ஆம் ஆண்டு முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரித் திங்களில் நடைபெறுகின்றது. தமிழ்நாட்டிற் பொங்கல் விடுமுறை நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நிகழ்கின்றது. தேதி, நேரம், இடம், பறவையின் பெயர், தொகை என்னும் ஐந்தையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் உண்மையாக எழுதுபவன் எவனும் இதிற் கலந்துகொள்ளலாம். பெயர் தெரியாத பறவையைத் தெரியாதது என்றே எழுதுதல் வேண்டும். பெருமாள் ஏரியையோ வாலாஜா ஏரியையோ ஒரு மாணவர் குழு பத்து ஆண்டுகள் தொடர்ந்து எண்ணுமாயின், பறவை குறைந்ததா பெருகியதா என்ற வினாவிற்கு யாரும் வாயில் வந்ததைக் கூற இயலாது. அக்குறிப்புப் புத்தகம் விடையளிக்கும். ஏரியின் நலத்திற்காக அதிகாரிகளிடம் விண்ணப்பிக்கும்போது அதுவே தக்க சான்றாகும். அரிய பறவை ஒன்று தங்கும் இடத்தை மட்டும் உடனே உலகிற்கெல்லாம் பறைசாற்றாதிருத்தல் நன்று; ஆர்வமுடையார் கூட்டமே அதற்குப் பகையாகிவிடும்.

இறுதியாக, ஏரிக்கரையில் நாம் செய்வதைவிட வீட்டிலும் கடைத்தெருவிலும் நாம் செய்வது பறவையை மிகுதியாகத் தாக்கும். வலை வைத்தும், நஞ்சு கலந்த நெல்லைத் தூவியும் நீர்ப்பறவைகளைப் பிடித்துச் சாலையோரத்தில் விற்பார் உளர். சட்டம் அதனைக் குற்றமென்கின்றது. ஆயினும் உள்ளான் கறிக்கு வாங்குவோன் உள்ளவரையில் விற்போனும் இருப்பான். வறுமையால் விற்பவனை மட்டும் பழித்து, சுவைக்காக வாங்குபவனை விட்டுவிடுதல் நீதியன்று. அவ்வாறே, நாம் எறியும் பிளாஸ்டிக் பையும், வாய்க்காலில் விடும் கழிவும் பரவனாற்றின் வழியே ஏரியையே சென்றடையும். ஏரி மேடிட்டு நீர் கொள்ளாது போயின், தூரதிருஷ்டிக் கண்ணாடியும் குறிப்புப் புத்தகமும் பயன்படா.

எரேமியா தீர்க்கதரிசி, வானத்து நாரையும் காட்டுப்புறாவும் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்திருக்க, மனிதர் தம் கடமையை அறியாதிருக்கின்றனரே என்று வருந்தினார். அப்பறவைகள் இன்றும் காலம் தவறாது வருகின்றன. மார்கழிப் பனியிற் பெருமாள் ஏரிக்கரையிலோ கரைவெட்டியிலோ சென்று நிற்கும் மாணவ நண்பர்காள்! பறவை தலை நிமிர்த்தினால் ஓரடி பின்வாங்குங்கள். அது மீண்டும் மேயக் கண்டு மகிழுங்கள். கண்டதைக் குறித்துவைத்து, கொண்டு சென்ற பொருளனைத்தையும் திரும்பக் கொண்டு வாருங்கள். நீங்கள் வந்து போனதை அறியாமலே அவ்வன்னம் பங்குனியில் வடமலைக்குப் புறப்படுமாயின், அடுத்த ஆண்டு தன் குஞ்சுகளையும் நம் சோழநாட்டு ஏரிக்கு அழைத்துவரும் என்று நம்புவோமாக. அதற்கு வேண்டிய பொறுமையையும் அன்பையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.